இணையத்தோடு இணைந்த கருவிகளும் அவற்றின் காவலும்

கைத்தொலைபேசியினால் இயக்கத்தக்க நீரிறைக்கும் இயந்திரங்கள், மண்ணின் ஈரத்தை அளந்து அறிவிக்கும் கருவிகள், களஞ்சியத்தைக் கண்காணிக்கும் கமராக்கள் என்பன இன்று கமக்காரருக்குப் பயன்பட்டு வருகின்றன. இவை கூலியையும் நேரத்தையும் மிச்சப்படுத்துவன. ஆயினும், இணையத்தோடு இணைக்கப்படும் ஒவ்வொரு கருவியும் தோட்டத்துக்கு வைக்கப்படும் புதியதொரு படலையாகும். அதற்குக் காவலும் வேண்டும்.

ஆபத்து நேரும் வகை

ஒரே இனத்தைச் சேர்ந்த கருவிகள் அனைத்துக்கும் தொழிற்சாலையில் ஒரே கடவுச்சொல் இடப்படுவதுண்டு. அது கைந்நூலில் அச்சிடப்பட்டிருத்தலால் எவரும் அதனை அறியலாம். 2016ஆம் ஆண்டில் ‘மிராய்’ என்னும் தீய செய்நிரல், இத்தகைய கடவுச்சொற்கள் ஏறத்தாழ அறுபதை இட்டுப் பார்த்தே இலட்சக்கணக்கான கமராக்களையும் இணையப் பெட்டிகளையும் கைப்பற்றியது.

2023 நவெம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் அலிகிப்பா நகரில், குடிநீரின் அமுக்கத்தைச் சீர்செய்யும் கருவியொன்று அந்நியர் வசப்பட்டது. அவ்வினக் கருவிகளின் தொழிற்சாலைக் கடவுச்சொல் ‘1111’ என்பதாகும். பணியாளர் உடனே கையால் இயக்கும் முறைக்கு மாறியமையால் நீர் விநியோகம் தடைப்படவில்லை.

மதிப்பிடும் முறை

கமக்காரர் தம்மிடமுள்ள கருவிகளை நிரற்படுத்தி எழுதி, ஒவ்வொன்றையும் பற்றி மூன்று வினாக்களுக்கு விடை காணுதல் வேண்டும்.

முதலாவது, அந்நியர் இதனை இயக்கினால் நேரும் இழப்பு யாது? வெப்பமானி தவறாகக் காட்டின் இழப்புச் சிறிதாகலாம். பூக்கும் பருவத்து மிளகாய்க்கு நீர் நிறுத்தப்படின் பூவும் பிஞ்சும் உதிரும். மிகையாக நீர் பாய்ந்து தேங்கின் வேர் அழுகும். கிணறு வற்றிய பின்னும் ஓடும் இயந்திரம் பழுதடையும்.

இரண்டாவது, இது வேறெதனோடு இணைந்துள்ளது? கமராவும் விற்பனைக் கணக்குள்ள கணினியும் ஒரே வலையமைப்பில் இருப்பின், கமராவின் வழியாகக் கணினியையும் அணுக முயல்வர்.

மூன்றாவது, இணையம் அற்றுப்போயின் இதனைக் கையால் இயக்க முடியுமா? முடியாதெனின், அக்கருவியிடம் பயிரின் உயிரை ஒப்படைத்தல் தகாது.

செய்ய வேண்டியவை

1. கருவியைப் பொருத்தும் அன்றே தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றுக. ஒவ்வொரு கருவிக்கும் நீண்ட, வெவ்வேறான கடவுச்சொல் இடுக.

2. தோட்டக் கருவிகளைக் கணக்குக் கணினியிலிருந்து பிரித்து வைக்க. பெரும்பாலான இணையப் பெட்டிகளில் விருந்தினர்க்கெனத் தனி வலையமைப்பு அமைக்க இடமுண்டு.

3. உற்பத்தியாளர் வெளியிடும் மென்பொருள் திருத்தங்களைத் தவறாது ஏற்றுக. அவை எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பதை வாங்குமுன் கேட்டறிக.

4. தொலைவிலிருந்து இயக்கும் வசதி தேவையற்ற போகத்தில் அதனை நிறுத்தி வைக்க.

5. நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் கையால் இயக்கும் ஆளியும், நீர் வற்றியதும் தானே நிறுத்தும் காப்பும் இருத்தல் வேண்டும்.

6. கமக்காரர் அமைப்பொன்றுக்குப் பொதுவான இயந்திரமாயின், பொறுப்பாளர் மாறுந்தோறும் கடவுச்சொல்லும் மாற்றப்படல் வேண்டும்.

இவற்றுட் பெரும்பாலானவற்றுக்குப் பணச்செலவு இல்லை. விதைப்புக்கு முன் வரம்பையும் வேலியையும் பார்த்துச் சீர்செய்யும் கமக்காரர், அவ்வேளையிலேயே கருவிகளின் நிரலையும் எடுத்துச் சரிபார்த்தல் நன்று. போகத்தின் நடுவே பழுது கண்டு வருந்துவதிலும், தொடக்கத்திலேயே காவல் செய்துகொள்வது எளிது.