வாயில் ஒளித்த பட்டு

ஒரு கைதி, காவலுக்குப் போலீஸ், ஒரு பயணம். ழான்-பியர் மெல்வில் இயக்கிய பிரெஞ்சுப் படமான 'சிவப்பு வட்ட'த்தின் (1970) தொடக்கத்தில் அது இரவு ரயில். பிரியதர்ஷனின் 'காஞ்சிவர'த்தில் கொட்டும் மழையில் போகும் பேருந்து. அந்தப் பேருந்துப் பயணம் நடப்பது 1948இல்.

அங்கே கொள்ளைபோவது பாரிஸ் நகைக்கடை. இங்கே பட்டு நூல்.

மகளைப் பட்டுப்புடவையில் கட்டிக்கொடுப்பதாகச் சபதம் செய்த நெசவாளி வேங்கடம், முதலாளியின் தறிக்கூடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டை வாயில் அடக்கிக்கொண்டு வெளியேறுகிறார். வாசலில் சோதனை உண்டு. வாயை யாரும் திறந்து பார்ப்பதில்லை. இரவில், யாருக்கும் தெரியாத தறியில், அந்த நூல் புடவையாக வளர்கிறது.

2007ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் இதுவே சிறந்த திரைப்படம். வேங்கடமாக நடித்த பிரகாஷ்ராஜ் சிறந்த நடிகர்.

படத்தில் அந்தப் புடவை கடைசிவரை முழுதாக நெய்யப்படவில்லை.