கணக்கும் கச்சேரியும்: பம்பாய்க்கு வந்த இரு மாணவர்கள்

ஆனர்ஸ் படித்த பிள்ளை பாங்கிலோ ஏ.ஜி. ஆபீசிலோ உட்கார்ந்துவிட்டால் வீட்டாருக்கு நிம்மதி. 1953-ல் சென்னை லயோலா கல்லூரியில் கணக்குப் படித்து முடித்த இரண்டு இளைஞர்கள் அந்தப் பக்கமே திரும்பாமல் பம்பாய்க்குப் புறப்பட்டு வந்தார்கள். ஒருவர் சி. எஸ். சேஷாத்ரி, காஞ்சிபுரத்தில் பிறந்தவர். மற்றவர் எம். எஸ். நரசிம்மன், வட ஆற்காட்டுத் தண்டரை கிராமத்துக்காரர். இருவருக்கும் வயது இருபத்தொன்று. கணித ஆராய்ச்சி சோறு போடுமா என்று அன்று யார்தான் உறுதி சொல்லியிருக்க முடியும்? வழி காட்டியவர் லயோலாவில் கணக்குச் சொல்லிக் கொடுத்த பிரெஞ்சுப் பாதிரியார் ரசீன்.

டாட்டா ஆராய்ச்சி நிலையம் அப்போது கேட்வே ஆப் இந்தியா அருகே பழைய யாட் கிளப் கட்டடத்தில் இருந்தது. வெளிநாட்டு மேதைகள் வந்து பாடம் நடத்துவார்கள். அதைக் குறிப்பெடுத்துப் புத்தகமாக்குவது மாணவர் வேலை. 1955-ல் பிரான்சின் லோரான் ஷ்வார்ட்ஸ் நடத்திய பாடத்தை எழுதியவர் நரசிம்மன்தான்.

ஆனால் இவர்கள் சதா காகிதமும் பென்சிலுமாகக் கிடந்தவர்கள் அல்ல. சேஷாத்ரிக்குக் கர்நாடக சங்கீதம் உயிர். கேட்டுத் தலையாட்டும் ரகமல்ல. தாமே நன்றாகப் பாடக்கூடியவர். கணக்குக்காக அவர் பாட்டை விட்டதுமில்லை, பாட்டுக்காகக் கணக்கை விட்டதுமில்லை.

1957-ல் இருவரும் பாரிஸ் சென்றார்கள். அங்கே நரசிம்மனுக்கு நெஞ்சில் ப்ளூரசி நோய் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஊரும் உறவும் இல்லாத இடத்தில் நோயில் படுப்பது என்னவென்று பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நரசிம்மனோ, உண்மையான பிரான்சைத் தாம் கண்டது அந்த ஆஸ்பத்திரியில்தான் என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். இடதுசாரிக் கருத்துகளில் அவருக்கு இருந்த பற்று அங்கே மேலும் உறுதிப்பட்டது. எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் இடம்பெறாத படிப்பு இது!

1960-ல் பம்பாய் திரும்பிய நண்பர்கள் சேர்ந்து உழைத்தார்கள். 1965-ல் வெளிவந்த நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் உலகெங்கும் இருவர் பெயரையும் ஒன்றாக்கிவிட்டது. கணிதத்தின் வெவ்வேறு கிளைகளை அது இணைத்தது. பௌதிக ஆராய்ச்சியோடும் பின்னாளில் அதற்குத் தொடர்பு ஏற்பட்டது.

நரசிம்மன் மணந்த சகுந்தலா பெயர் பெற்ற பாடகி, பத்திரிகை எழுத்தாளருங்கூட. ஆக, அந்த வீட்டிலும் சுருதிக்குக் குறைவில்லை. சேஷாத்ரி 1989-ல் சென்னையில் ஒரு கணித நிலையத்தைத் தொடங்கி வளர்த்தார். இன்று அது சென்னைக் கணிதக் கழகம்.

சேஷாத்ரி 2020 ஜூலையிலும் நரசிம்மன் 2021 மே மாதத்திலும் காலமானார்கள். சேஷாத்ரி பிறந்தது பிப்ரவரி 29-ஆம் தேதி. எண்பத்தெட்டு வயது வாழ்ந்தும், பிறந்த தேதி நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வந்தது அந்தக் கணக்குப் புலிக்கு.