டி டிரைவில் வைத்தால் பேக்கப் ஆகுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவரிடம் "பேக்கப் எடுத்தாயிற்றா?" என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாவற்றையும் டி டிரைவில் ஒரு காப்பி போட்டுவிட்டேன்" என்பார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நிம்மதியாக இருந்தோம். அப்பாவுக்கு ஒரகடத்தில் வேலை. வீடு முடிச்சூரில், தரைத்தளம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதி வீடுகளுக்குள் புகுந்தபோது, மேசைக்கடியில் இருந்த சிபியு முழுவதும் முங்கிவிட்டது. மானிட்டரில் சி, டி என்று இரண்டு டிரைவ்கள் தெரிந்தாலும் உள்ளே இருந்தது ஒரே ஹார்ட் டிஸ்க்தான். அக்கா கல்யாணப் போட்டோக்களின் இரண்டு காப்பிகளும் ஒன்றாகப் போயின. ஸ்டுடியோவில் கேட்டோம், அவர்கள் எப்போதோ அழித்துவிட்டிருந்தார்கள்.

இத்தனைக்கும் அப்பா ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி வைத்திருந்தார். எங்கே? அதே மேசையின் கீழ் டிராயரில்! அதை வெயிலில் காய வைத்து, கேபிளை மாட்டிப் பார்த்தோம். அது அடுத்த தவறு. சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் காற்று போய்வர ஒரு சிறு துளை இருக்கும். அதன் வழியே சேற்று நீர் புகுந்திருந்தால், தட்டு சுழலும்போது ஹெட் உரசி மிச்சமுள்ள தகவலும் அழியும். நனைந்த டிஸ்க்கைக் காய வைக்காமல், மின்சாரம் கொடுக்காமல் அப்படியே டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் தர வேண்டும்.

ஆகவே பேக்கப்புக்கு வேறு டிஸ்க் வேண்டும்; அந்த டிஸ்க் வேறு வீட்டில் இருக்க வேண்டும்.

போட்டோ, வீடியோவுக்கு 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். (விண்டோஸில் 931 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, கணக்கிடும் முறை வேறு.) காப்பி முடிந்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். மாட்டியபடியே விட்டால் ரான்சம்வேர் வந்தால் அதிலுள்ள பைல்களையும் சேர்த்துப் பூட்டிவிடும். பென் டிரைவ் பைல்களை எடுத்துச் செல்லத்தான். அதை நம்பி வருடக்கணக்கில் வைக்க வேண்டாம். டிவிடி ஒன்றில் 4.7 ஜிபிதான் பிடிக்கும்; அதைப் போடும் டிரைவும் இப்போதைய லேப்டாப்கள் பலவற்றில் இல்லை.

மார்க்‌ஷீட், பத்திரம் போன்றவற்றை ஸ்கேன் செய்து கூகுள் டிரைவிலும் ஏற்றிவிடுங்கள். கிடைக்கும் இலவச இடத்தில் ஜிமெயிலும் போட்டோஸும் பங்கு கேட்கும் என்பதை மறக்காதீர்கள். 'சிங்க்' செய்த போல்டரில் ஒரு பைலை அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் கிடக்கும்.

எங்களிடம் இப்போது இரண்டு டிஸ்க்குகள். ஒன்று ஸ்ரீபெரும்புதூரில் அத்தை வீட்டு மாடியில் இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றிக்கொள்வோம்; கிளம்பும் முன் அத்தையின் கம்ப்யூட்டரில் மாட்டி, நாலைந்து போட்டோக்களாவது திறக்கின்றனவா என்று பார்த்துவிடுவோம்.