கிளையில் கட்டிய சோறு

கொடுங்கோன்மைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார் திருவள்ளுவர். தீமையை எதிர்க்கும் வழிகளாகக் கை, நா, உள்ளம் என மூன்றைக் காட்டினார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். படையும் பதவியும் இல்லாத எளியவரும் அநீதியை மறுக்கலாம் என்பதற்கு நம் பகுதிக்கு அருகிலேயே சான்று உண்டு.

பெரம்பலூரும் அரியலூரும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துள் அடங்கியிருந்த காலம் அது. 1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள், உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து வேதாரணியம் நோக்கி நடந்தனர். நாமக்கல் கவிஞரின் பாடல் அவர்தம் வழிநடைப் பாட்டாயிற்று. கொள்ளிடத்தின் தென்கரையில், தஞ்சை மாவட்டத்தின் வழியே அவர்கள் செல்ல வேண்டியிருந்தது. தொண்டர்க்கு உணவோ உறைவிடமோ அளிப்போர் தண்டிக்கப்படுவர் என அம்மாவட்ட ஆட்சியர் தார்ன் ஆணையிட்டார்.

விருந்தோம்பலைக் குற்றமாக்கிய ஆணை அது. மக்கள் முழக்கமிடவில்லை, சோற்றைப் பொட்டலமாகக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டனர். உண்டவர் கண்முன் இருந்தனர். அளித்தவர் எவரென்று காவலரால் காட்ட இயலவில்லை.

வேதாரணியத்தில் சவரத் தொழிலாளி வைரப்பன் செய்ததும் இத்தகையதே. முகமழிக்க அமர்ந்தவர் காவலர் எனப் பாதியில் அறிந்ததும் அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். நீதிமன்றத்தில் நிறுத்தியபோதும் எஞ்சியதை மழிக்க இசையாது சிறை புகுந்தார். அன்றாடக் கூலியால் வாழ்பவர்க்கு அஃது எளிய இழப்பன்று. அவ்வூரில் இன்று அவருக்கு நினைவுத்தூண் உண்டு.

விடுதலை பெற்ற நாட்டிலும் இவ்வழி தேவைப்பட்டது. 1976இல், நெருக்கடி நிலைத் தணிக்கையின்கீழ்க் கைதானோர் பெயர்களை வெளியிட இயலவில்லை. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாளன்று, மலர்வளையம் வைக்க வர இயலாதோர் என்று ஒரு பட்டியலை ‘முரசொலி’ வெளியிட்டது. அவர்கள் ஏன் வர இயலவில்லை என்பதை வாசகர் உணர்ந்துகொண்டனர்.

இச்செயல்களால் ஆட்சி அன்றே கவிழ்ந்துவிடவில்லை. ஆயினும் ஆணைகள் குடிகளின் இணக்கத்தாலேயே உயிர்வாழ்கின்றன. அடுக்களையில் இருந்தவர் சோற்றாலும், தொழிலாளி கத்தியாலும், எழுதுபவர் சொல்லாலும் அவ்விணக்கத்தை மறுத்தனர். அவரவர் கைக்கு எட்டியதைக் கொண்டே மறுத்தமைதான் ஈண்டு நோக்கத்தக்கது.

வைரப்பனின் பெயர் தூணில் நிலைத்தது. சோறு கட்டிய கைகளுக்கு உரியோரின் பெயர்களை நாம் அறியோம். அத்தலைமுறை மறைந்துவிட்டது; நெருக்கடி நிலையைக் கண்டோர் நம் இல்லங்களில் இன்னும் உள்ளனர். மாணவச் செல்வங்கள் அவர்களிடம் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். அதுவும் தமிழ்ப்பணியே ஆகும்.