ஊசிக்கும் அடங்காத புராஸ்டேட் புற்றுநோய்



சரக்கு லாரி வந்து நின்றால் சிறுநீரைக்கூட அடக்கிக்கொண்டு கல்லாவில் உட்காருகிறவர்கள் நாம். பசுமலை, திருப்பரங்குன்றம் பக்கம் அறுபதைத் தாண்டிய நம்மவர்கள் பலர், இரவில் நாலு தடவை எழுந்தாலும் 'வயசாயிருச்சு' என்று விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது புராஸ்டேட் சுரப்பியின் சாதாரண வீக்கமே. சிலருக்குப் புற்றுநோயாகவும் இருக்கும். டாக்டரிடம் காட்டினால்தான் தெரியும்.

இந்தப் புற்றுநோய்க்குத் தீனி ஆண் ஹார்மோன். அதை நிறுத்தினால் நோய் சுருங்கும் என்று 1941இல் சிகாகோவில் காட்டியவர் டாக்டர் சார்லஸ் ஹக்கின்ஸ். 1966இல் நோபல் பரிசு பெற்றார். இன்றும் விரை நீக்கும் அறுவையோ, ஹார்மோனைக் குறைக்கும் ஊசியோதான் பரவிய நோய்க்கு அடிப்படை வைத்தியம்.

உள்ளே நடப்பதை நம் கடைக் கணக்கிலேயே சொல்லலாம். செல்லுக்குள் ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார். ஹார்மோன் ஏற்பி என்பார்கள். ஹார்மோன் என்ற சிட்டை கைக்கு வந்தால், குடோனுக்குப் போய் இன்னின்ன மரபணுவைத் திற என்பார். 2005இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் (பெயரிலேயே தமிழ் மணக்கிறது!) குழுவினர் ஒரு விபரீதத்தைக் கண்டுபிடித்தனர். ஹார்மோனுக்குக் கட்டுப்பட்ட 'டிஎம்பிஆர்எஸ்எஸ்2' மரபணுவின் விசை உடைந்து, 'இஆர்ஜி' என்ற வேறு மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் ஹார்மோன் வரும்போதெல்லாம் புற்றைத் தூண்டும் சரக்கும் சேர்ந்து இறங்குகிறது. ஏறத்தாழப் பாதி நோயாளிகளிடம் இந்த ஒட்டு உண்டு. (கொரோனா கிருமி நம் செல்லுக்குள் நுழையத் துணை போனதும் இதே டிஎம்பிஆர்எஸ்எஸ்2 உண்டாக்கும் புரதம்தான்.)

ஊசி போட்டுச் சில காலம் கழித்து 'பிஎஸ்ஏ' அளவு மறுபடி ஏறுவது ஏன்? சிட்டை குறைந்ததும் செல், கணக்குப்பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிடுகிறது. துண்டுச் சிட்டைக்கும் சரக்கு போகிறது. சில கட்டிகள் ஹார்மோனைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. எல்லாவற்றிலும் மோசம் 'ஏஆர்-வி7' என்ற குட்டை ஏற்பி. சிட்டை வாங்கும் கையே அதற்கு இல்லை. கேட்காமலே குடோனைத் திறந்துவிடும்.

ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும் அபிராடெரோன் 2011இலும், ஏற்பியை அடைக்கும் என்சலூட்டமைடு 2012இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. பலருக்கு ஆயுளை நீட்டித்தன. ஏஆர்-வி7 உள்ளவர்களுக்கு இவை சரியாக எடுபடுவதில்லை என்று 2014இல் தெரிந்தது. அவர்களுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் கீமோதெரபி பக்கம் போவார்கள்.

இங்கேதான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். பிஎஸ்ஏ ஏறியதும் 'ஊசி கேட்கலை' என்று ஊசியை நிறுத்திவிட்டு நாட்டு மருந்து தேடிப் போகிறார்கள். புதிய மாத்திரை சேர்ந்தாலும் பழைய ஊசி வழக்கமாகத் தொடர வேண்டும். நிறுத்தினால் பழைய ஹார்மோனும் திரும்பி வரும். அபிராடெரோனைப் பொதுவாக வெறும் வயிற்றில், ஸ்டீராய்டு மாத்திரையோடு டாக்டர் சொன்னபடி சாப்பிட வேண்டும். சோற்றோடு சாப்பிட்டால் மருந்து அளவுக்கு மீறி இரத்தத்தில் ஏறிவிடும்.

விலை? நம் நாட்டுக் கம்பெனிகளே தயாரிக்கின்றன. ஒரே மருந்து, கம்பெனிக்குக் கம்பெனி விலை வேறு. மிளகாய் வற்றலுக்கு நாலு மண்டியில் விலை கேட்கும் நாம், மருந்தின் மூலப்பெயரைச் சீட்டில் எழுதி வாங்கி, எதை வாங்கலாம் என்று டாக்டரிடமே கேட்டுக்கொண்டு, நாலு மருந்துக்கடையில் விசாரிக்கலாம்.