சீனி பார்க்கும் மெஷின்: கை சுத்தமென்றால்தான் கணக்குச் சரி



சீனி வியாதி உள்ள சிலர் இப்போது வீட்டிலேயே சீனி பார்க்கும் மெஷின் வைத்திருக்கிறார்கள். நல்ல விஷயந்தான். ஆனால் பிழையாகப் பார்த்தால் அது காட்டும் எண்ணும் பிழையாகத்தான் இருக்கும். அதை நம்பி மருந்தைக் கூட்டினால் உயிருக்கே ஆபத்து.

ஒரு லயத்தில் நாங்கள் கண்டதைச் சொல்கிறோம். ஓர் அக்கா பிள்ளைக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு விரலைக் குத்தினார். மெஷின் 260 காட்டியது. வீடே பயந்துபோனது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மறுபடி பார்த்தோம். 148தான்! விரலில் ஒட்டியிருந்த பழத்தின் இனிப்பு செய்த வேலை அது.

எந்த விரலைக் குத்துவது?

கொழுந்து பறிக்கப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் வேண்டும். அவற்றை விட்டுவிட்டு, நடுவிரல் அல்லது மோதிர விரலின் ஓரத்தில் குத்துங்கள். நோவு குறைவு. கையைக் கொஞ்சம் தொங்கவிட்டால் இரத்தம் வரும். விரலைப் போட்டுப் பிழிய வேண்டாம்.

ஸ்ரிப் டப்பாவை எடுத்தவுடன் மூடிவிடுங்கள். நம்ம மலைநாட்டு ஈரம் ஸ்ரிப்பைக் கெடுத்துவிடும். அடுப்புக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். திகதி முடிந்த ஸ்ரிப் வேண்டவே வேண்டாம்.

ஒருத்தர் ஊசி இன்னொருத்தருக்கு ஆகாது

"புருசன் பொஞ்சாதிதானே, ஒரே ஊசி போதும்" என்று நினைக்காதீர்கள். இரத்தத்தால் பரவும் ஈரல் நோய் இப்படித்தான் தொற்றும். குத்தும் பேனாவையும் மாற்றிக்கொள்ளக் கூடாது. குத்திய ஊசியைக் கானிலோ தேயிலைக்குள்ளோ எறிந்தால் பிள்ளைகளின் காலில் ஏறும். கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடி வையுங்கள். நிறைந்ததும் எங்கே கொடுப்பது என்று கிளினிக்கில் கேளுங்கள்.

எண் என்ன சொல்கிறது?

பெரும்பாலானோருக்குச் சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130 வரையும், சாப்பிடத் தொடங்கி 2 மணி நேரத்தில் 180க்குக் குறைவாகவும் இருப்பது நல்லது. கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் கணக்கு வேறு. டொக்டர் சொல்வதே சரி.

70க்குக் கீழே போனால் உடனே 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை குடியுங்கள். ஏறியதும் ரொட்டியோ சோறோ சாப்பிடுங்கள்.

இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள், காலையில் சாப்பிடாமல் மலைக்கு ஓடினால் இது வரும். கை நடுக்கம், வியர்வை, தலைச்சுற்று, தடுமாற்றம் என்றால் மெஷினைத் தேடி லயத்துக்கு நடக்காதீர்கள். முதலில் சீனி. ஒரு சிறு பொட்டலம் எப்போதும் மடியில் இருக்கட்டும். மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பக்கவாட்டில் படுக்கவைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

300க்கு மேல் இருந்து, வாந்தியும் மூச்சு வாங்கலும் இருந்தாலும் ஆஸ்பத்திரிதான்.

ஒவ்வொரு எண்ணையும் நாளும் நேரமும் போட்டுக் கொப்பியில் எழுதி, கிளினிக் நாளில் காட்டுங்கள். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் டொக்டர் வேலை. சரியாகப் பார்த்து எழுதுவது நம்ம வேலை.