சுருள் கதவின் விலைக் கணக்கு

செகந்திராபாத்தின் வடமேற்கே, நாகபுரி செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்திருப்பது போவன்பள்ளி. ஐதராபாத்திலுள்ள இந்திய இரசாயனத் தொழில்நுட்பக் கழகம் வகுத்த முறையைக் கொண்டு காய்கறிக் கழிவிலிருந்து மின்சாரம் ஆக்கிக் காட்டிய சந்தை இவ்வூரிலேயே உள்ளது. பழைய போவன்பள்ளியிலும் புதிய போவன்பள்ளியிலும் தனி வீடு கட்டியவர்களுள் பலர், தரைத்தளத்தின் முற்பகுதியை மோட்டார் வண்டி நிறுத்தவோ கடைக்கு வாடகைக்கு விடவோ ஒதுக்கி, அதன் வாயிலில் எஃகுப் பட்டைகளாலான சுருள் கதவைப் பொருத்துகின்றனர். ஷட்டர் என்று யாவரும் வழங்குவது இதனையே. அண்டையிலுள்ள பாலாநகர், சிறுதொழிற் பட்டறைகள் நிறைந்த பகுதி. 1968-இல் மத்திய அரசு நிறுவிய கருவி வடிவமைப்புக் கழகமும் அங்கேதான் இருக்கிறது. இரும்புச் சாமான்களுக்கு இராணிகஞ்ச் கடைத்தெருவும் தொலைவில் இல்லை. ஆகவே, கதவு செய்விப்பதற்கு ஆள் தேடி அலையவேண்டியதில்லை. ஆனால், ஒரே வாயிலுக்கு மூன்று பட்டறைகளில் விலை கேட்டால் மூன்று தொகைகள் வருகின்றன. அவற்றிடையே ஆயிரக்கணக்கில் வேறுபாடு இருக்கிறது. கேட்டவர் திகைக்கிறார், யாரோ ஒருவர் தம்மை ஏமாற்றுவதாகவே எண்ணிக்கொள்கிறார். வேறுபாட்டின் பெரும்பகுதி எங்கிருந்து எழுகிறது என்பதை அளவுகோலும் சிறிது கணக்கும் கொண்டே அறிந்துவிடலாம்.

அளக்கும் முறை

3 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் உள்ள வாயில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மத்திய பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பின்படி, இரு பக்கச் சுவர்களுக்கு இடைப்பட்ட தெளிவான அகலத்தையும், தரையிலிருந்து உத்தரத்தின் அடிப்பாகம் வரையுள்ள தெளிவான உயரத்தையும் பெருக்கி வருவதே கதவின் பரப்பு. அவ்வாறு கணக்கிட்டால் இவ்வாயிலின் பரப்பு 7.5 சதுர மீட்டர். அதாவது ஏறத்தாழ 81 சதுர அடி.

தனியார் பட்டறைகளில் வேறொரு வழக்கும் உண்டு. பட்டைகளின் முனைகள் பக்கத் தடங்களுக்குள் நுழைந்திருக்கும் பகுதியையும், கதவு சுருண்டு அமரும் மேல்மூடியின் உயரத்தையும் சேர்த்தே அளப்பர். பக்கத்திற்கு 75 மில்லிமீட்டரும் மேலே 450 மில்லிமீட்டரும் கூட்டினால், அதே வாயில் 9.29 சதுர மீட்டர் ஆகிவிடுகிறது. சரியாக 100 சதுர அடி! வாயில் ஓர் அங்குலமும் வளரவில்லை. கணக்கு மட்டும் நூற்றுக்கு 24 வீதம் வளர்ந்துவிட்டது.

சதுர அடிக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதல் முறையில் சுமார் 20,200 ரூபாயும் இரண்டாம் முறையில் 25,000 ரூபாயும் ஆகின்றன. சரக்கு-சேவை வரி நூற்றுக்கு 18 வீதம் சேரும்பொழுது இவ்வேறுபாடு 5,700 ரூபாயை நெருங்குகிறது. இரண்டாம் முறையை மோசடி என்று கூறிவிட முடியாது. மேல்மூடிக்குள் இருப்பதும் விலை கொடுத்து வாங்கிய எஃகே. ஆனால், ஒருவர் முதல் முறையிலும் மற்றொருவர் இரண்டாம் முறையிலும் அளக்கும்பொழுது, சதுர அடி விலையை மட்டும் ஒப்பிடுவது வீண் வேலை. 300 ரூபாய் கேட்பவர் 250 ரூபாய் கேட்பவரைவிட மொத்தத்தில் மலிவாக இருத்தலும் கூடும். எந்த அளவின்படி பரப்புக் கணக்கிடப்பட்டது என்பதை விலைப் பட்டியலிலேயே எழுதி வாங்குதல் நன்று.

தகட்டின் கனம்

விலையை நிர்ணயிக்கும் அடுத்த காரணம் பட்டையின் கனமாகும். 3.5 மீட்டர் வரை அகலமுள்ள கதவுக்கு 0.90 மில்லிமீட்டருக்குக் குறையாத கனமும், அதற்கு மேற்பட்ட அகலத்திற்கு 1.20 மில்லிமீட்டரும் வேண்டும் என்பது பொதுப்பணித் துறையின் விதி. கடைத்தெருவில் இவையே முறையே 20 கேஜ், 18 கேஜ் எனப்படுகின்றன. கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும் என்பதை முதன்முறை வாங்குவோர் பலர் அறியார்; 22 கேஜ் என்றதும் அதுவே உயர்ந்தது எனக் கருதிவிடுகின்றனர். உண்மையில் அதன் கனம் 0.71 மில்லிமீட்டரே.

ஒரு கன மீட்டர் எஃகு 7,850 கிலோகிராம் நிறையுடையது. ஆதலால், 0.9 மில்லிமீட்டர் தட்டையான தகடு சதுர மீட்டருக்கு 7 கிலோகிராம் இருக்கும். சுருள் கதவில் பட்டைகள் வளைக்கப்பட்டு ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன. 110 மில்லிமீட்டர் அகலத் தகடு, வளைத்தபின் 75 மில்லிமீட்டரை மட்டுமே மறைக்கும் எனக் கொண்டால், சதுர மீட்டருக்கு 10.4 கிலோகிராம் ஆகிறது. நமது 7.5 சதுர மீட்டர் வாயிலை மறைக்கும் திரை 78 கிலோகிராம், 1.2 மில்லிமீட்டர் தகடானால் 104 கிலோகிராம். இரண்டுக்கும் ஒரே விலை இருக்க இயலாதன்றோ?

இவ்விடத்தில்தான் கவனம் வேண்டும். 20 கேஜுக்கும் 22 கேஜுக்கும் இடையே உள்ள வேறுபாடு 0.2 மில்லிமீட்டர். அதனை விரலால் தடவி அறிய முடியாது. மேலே பூசிய வண்ணம் கனத்தை இன்னும் மறைத்துவிடும். வண்ணம் பூசுமுன் மைக்ரோமீட்டரால் அளந்து பார்த்தல் ஒரு வழி. பொருத்துமுன் திரையைப் பட்டறையிலேயே எடைபோடச் செய்தல் அதனினும் எளிது.

பக்கத் தடங்களில் செய்யும் சிக்கனமும் ஆபத்தானது. பருவமழைக்கு முன், சித்திரை வைகாசி மாதங்களில் ஐதராபாத்தில் திடீர்ச் சூறைக்காற்று வீசுவதுண்டு. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று, ஒரு சதுர மீட்டர் மீது 240 நியூட்டன் அழுத்தம் தருகிறது. மூடிய கதவு முழுவதும் தாங்கவேண்டிய விசை 1,800 நியூட்டன். கிட்டத்தட்ட 180 கிலோகிராம் பளு பின்னின்று தள்ளுவதற்குச் சமம். தடம் ஆழமற்றதாயின் பட்டைகள் வளைந்து வெளியே நழுவிவிடும். 3.5 மீட்டர் வரை அகலமுள்ள கதவுக்குத் தடத்தின் ஆழம் 65 மில்லிமீட்டரும் அதற்கு மேல் 75 மில்லிமீட்டரும் இருக்கவேண்டும் என்று விதித்ததன் காரணம் இதுவே.

சுருள்வில்லும் அதன் ஆயுளும்

78 கிலோகிராம் எடையுள்ள திரையை ஒருவர் ஒரு கையால் உயர்த்துவது எங்ஙனம்? மேல்தண்டில் பொருத்திய சுருள்வில்லே அவ்வேலையைச் செய்கிறது. கதவை இறக்கும்பொழுது வில் முறுக்கேறுகிறது. முழுவதும் மூடிய நிலையில் தொங்கும் பளுவும் மிகுதி, வில்லின் முறுக்கும் மிகுதி. உயர்த்த உயர்த்தத் திரை தண்டில் சுற்றிக்கொள்வதால் தொங்கும் பளு குறைகிறது. வில்லும் அதே வேளையில் தளர்கிறது. இவ்விரண்டும் ஏறக்குறைய ஒத்துச் செல்வதால், கைக்கு மிஞ்சுவது உராய்வு மட்டுமே. கதவு பெரிதாகும்பொழுது அவ்வுராய்வே பெருஞ்சுமையாகிறது. ஆதலால், 1979-இல் திருத்தி வெளியிடப்பட்ட ஐ.எஸ். 6248 தரக்குறிப்பு, கையால் தள்ளி இயக்கும் கதவுக்கு 8 சதுர மீட்டரும், பால் பேரிங் வைத்தால் 12 சதுர மீட்டரும் எல்லையாக வகுத்தது. அதற்கு மேல் பற்சக்கரமும் சங்கிலியும் வேண்டும். அவற்றுக்கு விலை தனி.

மூடிய கதவின் வில்லில் அடங்கியிருக்கும் ஆற்றலைக் கணக்கிட்டால், நமது உதாரணத்தில் ஏறத்தாழ 950 ஜூல் வருகிறது. 10 கிலோகிராம் இரும்புக் குண்டு மூன்று மாடி உயரத்திலிருந்து விழும்பொழுது பெறும் ஆற்றல் இது. பயிற்சியற்றவர் தண்டின் திருகுகளைக் கழற்ற முயன்றால், இவ்வளவும் ஒரே நொடியில் அவர் கையின்மீது பாயும். பழுதுபார்ப்பவர் கேட்கும் கூலியில் ஒரு பங்கு இவ்வபாயத்தைக் கையாளும் திறமைக்கு உரியது. நூறு இருநூறு ரூபாய் குறையும் என்று வீட்டு வேலையாளையோ அண்டை வீட்டு இளைஞனையோ ஏணியில் ஏற்றுவது எவ்வாற்றானும் தகாது. வில் முறிந்த கதவு தாங்குவாரின்றி விழக்கூடியதாகையால், அதன்கீழ் நிற்பதும் கூடாது.

வில் ஏன் முறிகிறது? மீண்டும் மீண்டும் முறுக்கித் தளர்த்துவதால் உலோகம் களைப்புறுகிறது. நுண்ணிய வெடிப்பொன்று தோன்றி வளர்கிறது. அமெரிக்க வீடுகளின் மோட்டார்க் கொட்டகைக் கதவுகளுக்கு 10,000 முறை இயங்கும் வில் என்பது வழக்கமான கணக்கு. நாளொன்றுக்கு நான்கு முறை ஏற்றி இறக்கினால் அது ஏழாண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகவே வரும். வீட்டுக்காரர் இச்செலவைத் திடீர் விபத்தாகக் கருதாமல், வண்டிச் சக்கரத்தின் டயரைப்போல் எதிர்பார்த்திருக்கவேண்டிய செலவாகக் கொள்ளலாம். கடற்கரை ஊர்களைப்போல் இங்கு உப்புக்காற்று இல்லாததால் பட்டைகள் விரைவில் துருப்பதில்லை. மழைநீர் தேங்கும் அடிப்பட்டை மட்டும் முதலில் அரிக்கப்படும். வாயிற்படியை வெளிப்புறமாகச் சற்றுச் சரித்துப் பூசியிருந்தால் அதுவும் மிச்சம்.

மின்விசைக் கதவு

மேல்நோக்கி எழும் கொட்டகைக் கதவை 1921-இல் ஆக்கிய அமெரிக்கரான சி. ஜி. ஜான்சன், 1926-இல் அதனை மின்சாரத்தால் திறக்கும் பொறியையும் அமைத்தார். இன்று போவன்பள்ளியிலும் மோட்டார் வைத்துக்கொள்வோர் உளர். மின்கட்டணம் பற்றிய அச்சம் தேவையற்றது: 300 வாட் மோட்டார் ஒரு முறைக்கு 20 வினாடி ஓடி, நாளுக்கு நான்கு முறை இயங்கினாலும், ஆண்டு முழுவதற்கும் இரண்டரை யூனிட்டே செலவாகும். வாங்கும் விலையும், மின்தடையின்போது கையால் இயக்கும் சங்கிலியுமே கருதத்தக்கவை.

செலவைக் குறைக்க எண்ணுவோர் முதலில் விட்டுவிடுவது, தடை ஏதேனும் குறுக்கிட்டால் கதவை நிறுத்தும் உணர்கருவியை. கையால் இழுக்கும் கதவை இழுப்பவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், மோட்டார் பார்ப்பதில்லை. கதவின்கீழ்ச் சிக்கிக் குழந்தைகள் உயிரிழந்தமையால், 1993-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் செய்யப்படும் வீட்டுக் கதவுப் பொறிகள் அனைத்திலும் இத்தகைய பாதுகாப்பு சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. பட்டறைக்காரர் தரும் பட்டியலில் இது தனி வரியாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இல்லையேல், அதனைச் சேர்த்து விலை எழுதித் தருமாறு கேட்டபின்னரே முன்பணம் கொடுக்கலாம்.